மணிகட்டிப்பொத்தையில் பத்து நாள்

மாசி 2, திங்கள்

இந்த டைரியில் நான் எழுதப்போவதை ஒருவரும் நம்பப்போவதில்லை. முப்பத்திரண்டு வருஷம் அம்பாசமுத்திரம் பஸ் ஸ்டாண்டில் நான் பிடித்திருந்த மைக்கின் மீது ஆணையாக இதைச் சொல்லிவிடுகிறேன். அம்பலவாணன் என்ற இந்தப் பெயர் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. ஆனால் என் குரலைக் கேட்டு, புறப்பட்டுவிட்ட பஸ்கள் தாமாக ரிவர்ஸ் எடுத்து வந்திருக்கின்றன. அந்தக் குரலுக்கு உரியவன் பொய் சொல்வானா?

விஷயத்துக்கு வருகிறேன். என் அக்கா மகள் ஆவுடை, கால்நடை ஆஸ்பத்திரியில் இன்ஸ்பெக்டர். மூன்று வயதில் என்னிடம் வந்தவள். போன ஐப்பசியில் ஆடுகளுக்கு ஊசி போட மலைக்கு ஏறினாள். இறங்கும்போது மனதுக்குள் ஒரு மாப்பிள்ளையோடு இறங்கினாள். சொரிமுத்து என்று பெயர். ஜீப் ஓட்டுகிறானாம். ஊர் மணிகட்டிப்பொத்தை. நானே முப்பத்திரண்டு வருஷத்தில் ஒருமுறைகூட மைக்கில் சொல்லாத ஊர் என்றால், அது எப்பேர்ப்பட்ட ஊர் என்று யோசித்துக்கொள்ளலாம்.

அந்த ஊரில் ஜாதகம் கிடையாது, பொருத்தம் கிடையாது. ஒரே ஒரு சட்டம். பெண்ணை வளர்த்தவர், பெண் வீட்டுக் கொல்லையிலிருந்து ஒரு விதையும் ஒரு பிடி மண்ணும் கொண்டுவர வேண்டும். ஊர் நடுவே ஒரு சட்டியில் ஊன்றி, பத்து நாள் அங்கேயே தங்கி, தன் கையால் தண்ணீர் விட வேண்டும். முளைத்தால் கல்யாணம். முளைக்காவிட்டால் இரு தரப்பும் கும்பிடு போட்டுவிட்டுப் பிரிய வேண்டியது. மேல்முறையீடு இல்லை.

ஆவுடை அவரைப் பந்தலடியில் உட்கார்ந்து சருகும் குப்பையுமாக ஒரு பிடி மண்ணை அள்ளித் துணியில் முடிந்தாள். எங்கள் அவரை சாதாரண அவரை அல்ல. தண்டெல்லாம் கத்தரிப்பூ நிறம். அப்படிப்பட்ட அவரை பூலோகத்தில் எங்கள் கொல்லையில் மட்டும்தான் உண்டு. விதையை நான் எடுத்துக்கொள்கிறேன் என்றேன். நல்லதாக ஒன்று பொறுக்கினேன்.

புறப்படுமுன் அடுப்படியில் ஒரு சின்ன வேலை இருந்தது. ஆவுடை டூட்டிக்குப் போகும்வரை காத்திருந்து அதை முடித்துக்கொண்டு கிளம்பினேன். என்ன வேலை என்று எழுதும் அளவுக்கு அது பெரிய வேலை இல்லை.

சொரிமுத்துவே ஜீப் கொண்டுவந்தான். பாதையில் எழுநூற்று நாற்பது வளைவு. ஒவ்வொரு வளைவிலும் என் ஆயுளில் ஒரு வாரம் கழிந்தது.

“மாமா, கம்பியப் பிடிச்சுக்கிடுங்க” என்றான்.

“யாருக்கு யாருவே மாமா? இன்னும் முளைக்கவே இல்ல” என்றேன்.

பயல் சிரித்தான். நல்ல பல்வரிசை. அதைக் குறையாகக் கொள்ள வழியில்லை.

மாசி 3, செவ்வாய்

ஊர் பொத்தைக் குன்றின் உச்சியில் இருக்கிறது. நாற்பத்தொரு பேர். நாலு பக்கமும் காடு. இலவ மரங்களில் இலை ஒன்றுகூட இல்லை, பூ மட்டும் சிவப்புச் சிவப்பாக, யாரோ மரத்துக்கு மரம் தீ வைத்துவிட்டு அணைக்க மறந்துபோன மாதிரி. நான் தங்கியிருக்கும் மாப்பிள்ளை வீட்டு ஜன்னலுக்கு நேர் எதிரே ஒன்று நிற்கிறது. எண்ணிப் பார்த்தேன், வாசலிலிருந்து நாற்பது அடி.

வந்ததும் மாப்பிள்ளையின் அம்மா மாடத்தி என் கழுத்தில் ஒரு மணியைக் கட்டிவிட்டாள். மாட்டு மணி. இந்த ஊரில் குழந்தை முதல் கிழடு வரை எல்லோர் கழுத்திலும் மணி தொங்குகிறது.

“என்ன யம்மா இது?”

“மூணு மணிக்கு மூட்டம் இறங்கும் அண்ணாச்சி. ஒருத்தர ஒருத்தர் தெரியாது. மணியக் கேட்டுத்தான் ஆளு. ஒங்களுக்குக் கட்டுனது எங்க செவலையோடது. நல்ல பசு. போன வருசம் செத்துப் போச்சு.”

ஒரு செத்த பசுவின் பதவியை நான் ஏற்றுக்கொண்டேன்.

விதை ஊன்றும் வைபவம் காலையில் ஊர் நடுவில் இருக்கும் பாறையில் நடந்தது. சட்டிக்குக் காவல் பூதத்தான் என்ற பெரியவர். அவருக்கு வயது இருநூறுக்குக் குறையாது. புருவத்தில் சிலந்தி கூடு கட்டியிருக்கிறது. அதை அவர் கலைப்பதில்லை. நான் மண்ணைக் கொட்டினேன். விதையை எடுத்து மாடத்தியிடம் காட்டினேன். வாங்கினாள், பார்த்தாள். பிறகு மூக்கருகே கொண்டுபோனாள்.

“வாசனையா இருக்கே அண்ணாச்சி.”

“எங்க ஊரு வெயில் அப்படி” என்றேன்.

அவள் இன்னொரு தடவை முகர்ந்தாள். திருப்பிக் கொடுத்தாள். ஊன்றினேன். பூதத்தான் சட்டிமேல் ஒரு கூடையைக் கவிழ்த்தார். பத்தாம் நாள் வரை யாரும் திறந்து பார்க்கக் கூடாது. கூடையின் பொத்தல் வழியாகத்தான் தண்ணீர். கூடையைத் திறந்தவன் கண்ணில் காடு குடியேறிவிடுமாம்.

“குடியேறினா என்ன ஆகும்?”

“கண்ண மூடினா உள்ள குருவி கத்தும்வே. ஒறங்க முடியாது” என்றார் பூதத்தான்.

சட்டிக்கு இரண்டு செம்பு தண்ணீர் விட்டேன். கடமையில் குறை வைக்க மாட்டேன்.

மாசி 4, புதன்

இலவ மரம் முப்பத்து மூன்று அடி.

காலையில் அளந்தேன், சாயங்காலமும் அளந்தேன். மாடத்தியிடம் கேட்டால், “அது அப்பப்ப வரும். வாசலுக்கு வந்து நின்னா ஒரு கொடம் தண்ணி ஊத்துவோம்” என்கிறாள், ஏதோ பால்காரர் வருவது போல.

இப்படிப்பட்ட ஊரில் என் ஆவுடை எப்படி இருப்பாள்? எனக்காக நான் சொல்லவில்லை. அவளுக்காகச் சொல்கிறேன்.

மாசி 5, வியாழன்

மூட்டம் என்றால் என்ன என்று இன்றுதான் முழுசாகப் பார்த்தேன். பார்த்தேன் என்பது தப்பு. ஒன்றையும் பார்க்கவில்லை. கையை நீட்டினேன், கை தன் போக்கில் எங்கோ போய்விட்டது. தேடி எடுத்துவர ஐந்து நிமிஷம் ஆனது.

ஆனால் அந்தச் சத்தம். அதை எழுத என் பேனாவுக்கு யோக்கியதை இல்லை. வெள்ளையாக ஒன்றுமே இல்லாத இடத்தில் நாற்பத்திரண்டு மணிகள் நடமாடுகின்றன. சின்ன மணி ஓடுகிறது, பின்னாலேயே பெரிய மணி திட்டிக்கொண்டு ஓடுகிறது. இரண்டு மணிகள் கிட்டே வந்து சத்தமில்லாமல் நிற்கின்றன. அது புதுசாகக் கட்டிக்கொண்ட ஜோடி என்றான் சொரிமுத்து. பஸ் ஸ்டாண்ட் பழக்கம், எனக்கு எண்ணாமல் இருக்க முடியாது. எண்ணினேன். ஊர் நாற்பத்தொன்று, நான் ஒன்று, நாற்பத்திரண்டு வர வேண்டும்.

நாற்பத்து மூன்று வந்தது.

மறுபடி எண்ணினேன். நாற்பத்து மூன்று. மெல்லிய மணி, யார் வீட்டு வாசலிலும் நிற்காமல் சட்டி இருந்த பக்கமே சுற்றிக்கொண்டிருந்தது.

பூதத்தானிடம் ஓடினேன். அவர் சுருட்டை எடுத்துவிட்டுக் காது கொடுத்துக் கேட்டார்.

“ஆமா. வரப்போற ஆளு யாருன்னு மூட்டத்துக்கு மொதல்லயே தெரிஞ்சிரும்வே. ஒம்ம பொண்ணுக்கு உள்ள மணியா இருக்கும்.”

“முளைக்கலன்னா?”

“நின்னுரும்.”

அவர் சுருட்டைத் திரும்பவும் வாயில் வைத்துக்கொண்டார். நான் வீட்டுக்கு வந்து படுத்துவிட்டேன். ரத்த அழுத்தம்.

மரம் இருபத்தாறு அடி.

மாசி 6, வெள்ளி

இன்று சொரிமுத்துவைக் குறுக்கு விசாரணை செய்ய முடிவெடுத்துக் காட்டுக்குள் கூட்டிப் போகச் சொன்னேன். இவனிடம் ஒரு குறையைக் கண்டுபிடிக்காமல் திரும்புவதில்லை என்று தீர்மானம்.

காட்டில் என்னென்ன பார்த்தேன் என்று பட்டியல் போட்டால் இந்த டைரி போதாது. மலை அணில் ஒன்று, நல்ல கன்றுக்குட்டி அளவு, தன் வாலை நாலாக மடித்துத் தலைக்கு வைத்துத் தூங்கியது. தொட்டால்சிணுங்கி ஒன்று நான் தொடுவதற்கு முன்பே, நான் வருகிறேன் என்று கேள்விப்பட்டே சுருங்கிவிட்டது. இவையெல்லாம் சாமானியம்.

ஒரு பெரிய மரத்தடியில் சொரிமுத்து நிறுத்தினான். மேலே பொந்து. பொந்தின் வாயை மண்ணால் பூசி மூடியிருக்க, ஒரு கோடு அளவு இடைவெளி மட்டும். இருவாச்சி ஒன்று வந்து உட்கார்ந்தது. அந்தச் சிறகுச் சத்தம் கேட்டு ரயில்தான் வந்துவிட்டது என்று எழுந்து நின்றேன். அது அத்திப்பழத்தை ஒவ்வொன்றாக அந்த இடைவெளியில் ஊட்டியது.

“உள்ள பொட்டை இருக்கு மாமா. மூணு நாலு மாசம். வெளிய வராது. இவன்தான் கொண்டாந்து குடுக்கணும்.”

“அடப்பாவி, பூட்டியா வச்சிருக்கான்?”

“அவன் பூட்டல. அது தானா உள்ளருந்து பூசிக்கிடும். நேரம் வந்தா தானா ஒடச்சிட்டு வெளிய வரும். இவன் என்னதான் பழம் கொண்டாந்தாலும் அன்னைக்கி உள்ள இருக்காது.”

பறவையைப் பற்றி மட்டும்தான் சொன்னான் என்று நினைக்கிறேன். நான் கொஞ்ச நேரம் அந்த ஆண் இருவாச்சியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாவம், அதற்குத் தலை நரைத்திருந்தது மாதிரி இருந்தது. வெளிச்சக் கோளாறாக இருக்கலாம்.

பிறகு விசாரணைக்கு வந்தேன். “ஆவுடையப் பத்தி ஒமக்கு என்னவே தெரியும்?”

அவன் யோசித்தான். “கன்னுக்குட்டி ஏதாச்சும் கைமீறிப் போயிட்டா அன்னைக்கிச் சாப்பிட மாட்டா. ரெண்டு தடவ கூப்பிடணும். மூணாந்தடவ கூப்பிட்டா கோவம் வந்துரும். ரெண்டோட நிறுத்திட்டு, தட்ட மூடி வச்சிட்டுப் போயிரணும். பெறவு தானா எடுத்துச் சாப்பிடுவா.”

இந்த ரெண்டு தடவைக் கணக்கைக் கண்டுபிடிக்க எனக்குப் பதினொரு வருஷம் ஆனது. இவன் நாலு மாசத்தில் கண்டுபிடித்திருக்கிறான்.

குறை ஒன்றும் சிக்கவில்லை. நடக்கும்போது கொஞ்சம் வேகமாக நடக்கிறான். அதைக் குறித்துக்கொண்டேன்.

மாசி 7, சனி

பேரிழப்பு. காலையில் பாறையில் உட்கார்ந்து டைரி எழுதிக்கொண்டிருந்தேன். சோலைமந்தி ஒன்று வந்தது. கறுப்பு முகம், சுற்றி வெள்ளைத் தாடி, ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர் களை. என் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் தான் போட்டுக்கொண்டது. அதோடு விட்டதா? டைரியை இழுத்து, விரலை எச்சில் தொட்டுப் பக்கம் பக்கமாகப் புரட்டியது. இரண்டாம் தேதிப் பக்கத்தில் நின்றது. அடுப்படி வேலை என்று எழுதிய இடம். தலையைத் தூக்கி என்னை ஒரு பார்வை பார்த்தது. தலையை இப்படியும் அப்படியும் ஆட்டியது. டைரியை என் மடியில் வைத்துவிட்டு, கண்ணாடியோடு மரமேறிப் போய்விட்டது.

இனி எழுத்து பஸ் போர்டு அளவுக்குப் பெரிசாக இருக்கும். கிட்டப் பார்வைக்கு எல்லாமே பஞ்சு மாதிரி தெரிகிறது.

மரம் பதினொரு அடி. அது மட்டும் நன்றாகத் தெரிகிறது.

மாசி 8, ஞாயிறு

சிக்னல் கிடைக்கிற பாறை ஒன்று உண்டு. அதன் மேல் ஒற்றைக் காலில் நின்றால் ஒரு கோடு கிடைக்கும். நின்றேன்.

“மாமா! மாத்திரை போடுறியளா?”

“மாத்திரையா? இங்க ஒரு மூலிகைக் காத்து அடிக்கி. நேத்து ஒரு கழுத இளமையாகிக் கோவேறு கழுதையாயிட்டு.”

“போடலன்னு அர்த்தம். சொரிமுத்துட்ட சொல்லுதேன். மாமா, முளைச்சிட்டா?”

“பாக்கக் கூடாதாம். இந்த ஊரு ஒனக்கு வேண்டாம் ஆவுடை. மரம் நடக்குது. ஆள் இல்லாம மணி அடிக்குது. குரங்கு வாசிக்குது.”

“பொய் கொஞ்சம் கூடுதலா இருக்கே. ஒடம்புக்கு ஏதும் செய்யுதா?”

நான் கால் மாற்றி நின்றேன். அவளே பேசினாள்.

“முளைக்கலன்னா முளைக்கல மாமா. அவுக ஊரு சட்டம். அத மீறி நான் அந்த வீட்டு வாசலுக்குப் போக மாட்டேன். சொரிமுத்துட்டயும் சொல்லிட்டேன். ரெண்டு நாளு அழுவேன், மூணா நாளு டூட்டிக்குப் போவேன். ஆனா எனக்குப் பயமில்ல. கொண்டு போனது நீங்கல்லா.”

அங்கே சிக்னல் போய்விட்டது. நான்தான் கட் பண்ணினேன் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

மரம் ஜன்னலுக்கு வந்துவிட்டது. ஒரு பூவை உள்ளே, என் தலையணை மேல் போட்டது.

மாசி 9, திங்கள்

மூன்று மணிக்கு மூட்டம். எனக்குக் காற்று வாங்க வேண்டும் போல இருந்தது. மணிச் சத்தம் பிறருக்குத் தொந்தரவாக இருக்குமே என்று, மணியின் நாக்கில் துணி சுற்றினேன். அடுப்படி வழியாகப் போகும்போது மாடத்தியின் அஞ்சறைப் பெட்டியில் கை தற்செயலாக விழுந்தது. கண்ணாடி இல்லாததால் விரலால் தடவித்தான் பார்த்தேன். சீரகம் இல்லை, கடுகு இல்லை. ஒரு சிட்டிகை வெந்தயம் கையில் ஒட்டிக்கொண்டது. அவ்வளவுதான்.

தட்டுத் தடுமாறிச் சட்டிப் பாறைக்குப் போனேன். பூதத்தானின் குறட்டை ஒரு பக்கம் கேட்டது. காவல் பலமாக இருந்தது. சட்டியைத் தடவினேன். சட்டிக்குப் பதில் ஒரு முழங்கை கிடைத்தது.

“யாருவே?”

“நாந்தான் மாமா.”

“ஒம்ம மணி எங்க?”

“இலவம் பஞ்சு அடைச்சிட்டேன். ஒங்க மணி?”

“அதுக்குச் சளி பிடிச்சிருக்கு. நீரு இங்க என்ன செய்தீரு?”

“சும்மா மாமா. காத்தாட.”

“நானும் காத்துக்குத்தான் வந்தேன்.”

இரண்டு பேரும் கூடைக்கு ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து காற்று வாங்கினோம். காற்று அடிக்கவே இல்லை. அவன் கை கூடைப் பொத்தலுக்குள் போய் வந்த மாதிரி இருந்தது. என் கையும் எதற்கோ போய் வந்தது. நாற்பத்து மூன்றாவது மணி எங்களைச் சுற்றி ஒரு வட்டம் வந்து, என் காதோரம் ஒரே ஒரு தடவை ‘டிங்’ என்றது.

அப்போது மூட்டத்துக்குள்ளிருந்து மாடத்தியின் குரல்: “ரெண்டு பேரும் மணியில அடைச்சத எடுத்துட்டு வாங்க. காப்பி ஆறுது.”

மாசி 10, செவ்வாய்

நான் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். இந்த வீட்டில் விருந்தாளி, வேலையாள் என்ற வித்தியாசம் கிடையாது. எதிரே மாடத்தி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கேட்காமலே சொல்ல ஆரம்பித்தாள்.

“என்னைய இந்த ஊருல கட்டிக்குடுக்க எங்கய்யாதான் வெத கொண்டாந்தாக. தட்டப்பயறு. எங்கய்யா லேசுப்பட்ட ஆளில்ல. அத நல்லா அவிச்சிக் காயவச்சிக் கொண்டாந்துட்டாக.”

கீரைக்காம்பு ஒன்று என் கையில் ஒடிந்தது.

“அவிச்சா? எதுக்கு?”

“எதுக்கா இருக்கும் அண்ணாச்சி? வீட்டுல நான் ஒருத்திதான். போயிட்டா யாரு இருக்கா?”

“பெறவு?”

“ஏழாம் நாளு தன்னால மனசு மாறி, இருட்டுக்குள்ள தடவித்தடவி வேற வெத போட்டாக. போட்டது என்ன வெதன்னு அவுகளுக்கே தெரியாது. பீர்க்கு முளைச்சுது. ஊரே சிரிச்சுது. கல்யாணம் நடந்துது.” முறத்தை ஒரு தட்டுத் தட்டினாள். “வெதைக்கு ஆறு நாளு போதும் அண்ணாச்சி. மிச்ச நாளு எதுக்குன்னு நெனைக்கிய? அது கொண்டாந்த மனுசனுக்கு.”

இதையெல்லாம் என்னிடம் ஏன் சொல்கிறாள் என்று எனக்கு விளங்கவே இல்லை. பொழுது போகாமல் சொல்லியிருப்பாள். சிலருக்கு அப்படி ஒரு சுபாவம்.

மரத்தை அளக்கவில்லை. கீரை நிறைய இருந்தது.

மாசி 11, புதன்

மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை. கத்தரிக்காய்ப் புளிக்கறி நன்றாகத்தான் இருந்தது. மாடத்தி இரண்டு தடவை கூப்பிட்டாள். மூன்றாவது தடவை கூப்பிடவில்லை. தட்டை மூடி வைத்துவிட்டுப் போனாள்.

இந்தக் கணக்கு இந்த வீட்டுக்கே தெரிந்திருக்கிறது.

மாசி 12, வியாழன்

இன்று கொஞ்சம் நீளமாக எழுதுவேன். பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஊர் முழுக்கப் பாறையைச் சுற்றி நின்றது. காட்டிலிருந்தும் ஜனம் வந்திருந்தது. மலை அணில்கள் கிளைகளில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. இருவாச்சி தன் வேலைக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தது. இலவ மரமும் வந்து பின்வரிசையில் நின்றது. மூட்டம்கூட இன்று காலை பதினொரு மணிக்கே வந்து, தொந்தரவு தரக்கூடாது என்று முழங்கால் உயரத்தோடு நின்றுகொண்டது.

சொரிமுத்து உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றான். இன்றுதான் கவனித்தேன், அவன் ரொம்பச் சின்னப் பையன்.

பூதத்தான் கூடையைத் தூக்கினார்.

எனக்குப் பச்சையாக ஒரு மொத்தை தெரிந்தது. அவ்வளவுதான். ஆனால் கூட்டத்தில் ஒரு சத்தம் எழுந்தது, பிறகு சிரிப்பு. நான் சட்டியில் மூக்கை வைத்துப் பார்த்தேன். ஒன்றும் புரியவில்லை.

“என்னதும்மா? என்ன முளைச்சிருக்கு?”

“என்ன முளைக்கலன்னு கேளுங்க அண்ணாச்சி” என்று மாடத்தி குனிந்தாள். “இந்தா இது பாவக்கா.”

சொரிமுத்து தலையைக் குனிந்துகொண்டான். “நாந்தான். முளைகட்டிப் போட்டேன். பயமா இருந்துது.”

“இது பூசணி.”

ஊரே பூதத்தானைப் பார்த்தது. “காவக்காரன்னா ஒரு கவலை இருக்காதாவே? நான் அறுவது வருசமா எல்லாச் சட்டியிலயும் ஒண்ணு போட்டுத்தான் கூடையக் கவுக்கேன்” என்றார் பெரியவர். அவர் புருவத்துச் சிலந்திகூட வெட்கப்பட்டு உள்ளே போனது.

“இது பச்சத்தண்டு அவரை. இது நான் போட்டது. மூணாம் தேதி சாயங்காலமே போட்டுட்டேன். வாசனைய வச்சு” என்றாள் மாடத்தி, என்னைப் பார்க்காமல். “இந்தா, இது நெருக்கி நெருக்கி முளைச்சிருக்கது வெந்தயம். எங்க அடுப்படியில இருந்து நடந்து வந்திருக்கும்போல. இந்த ஊருல எதுவும் நடக்கும்.”

ஊர் சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் சிரிக்கும்போதே சட்டம் நினைவுக்கு வந்தது. பெண் வீட்டு விதைதான் சட்டம். பாகலும் பூசணியும் பச்சை அவரையும் வெந்தயமும் எதற்கு ஆகும்? இதில் எங்கள் கொல்லை எங்கே இருக்கிறது? மாடத்தியின் அய்யா காலத்தில் ஊர் கண்ணை மூடிக்கொண்டிருக்கலாம். எங்கள் ஆவுடை மூடிக்கொள்ள மாட்டாள். அவள் கேட்பாள், “நம்ம அவரையா மாமா?” என்று. நான் எந்த வாயால் ஆமாம் என்பேன்? இந்த ஒரு பொய் மட்டும் எனக்கு வராது.

அப்போது மேலேயிருந்து ஏதோ என் கையில் வந்து விழுந்தது. என் மூக்குக்கண்ணாடி. சோலைமந்தி கிளையில் உட்கார்ந்து, சட்டியின் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு நானும் அங்கே பார்த்தேன்.

எல்லாவற்றுக்கும் ஒதுங்கி, சட்டியின் விளிம்போரம், தலையில் மண்துகளைச் சுமந்தபடி ஒரு முளை. வளைந்த கழுத்து. தண்டு கத்தரிப்பூ நிறம்.

“இது யாரு போட்டது?” என்று பூதத்தான் கேட்டார். ஒவ்வொருவராக என்னைப் பார்த்தார்கள்.

முப்பத்திரண்டு வருஷம் மைக் பிடித்தவனுக்கு இன்று சத்தம் வரவில்லை. சொரிமுத்துதான் என் தோளைப் பிடித்துக்கொண்டான். “மாமா, உக்காருங்க” என்றான். யாருக்கு மாமா என்று நான் கேட்கவில்லை.

நாற்பத்து மூன்றாவது மணி மூட்டத்துக்குள் எங்கள் காலடியிலேயே கேட்டது. பூதத்தான் குனிந்து துழாவி அதை எடுத்து என் கையில் கொடுத்தார். “பொண்ணுட்ட குடும். அளவு சரியா இருக்கும்.”

மாசி 14, சனி. அம்பாசமுத்திரம்

ஆவுடை மணியைக் கழுத்தில் போட்டுக்கொண்டே டூட்டிக்குப் போயிருக்கிறாள். அளவு சரியாக இருக்கிறது. ஆஸ்பத்திரியில் மாடுகள் குழம்பிப்போகும்.

சாயங்காலம் வந்ததும் இந்த டைரியைக் கையில் கொடுக்கப்போகிறேன். எனவே இனி நேராக உனக்கே எழுதுகிறேன்.

ஆவுடை, வளைவுகள் எழுநூற்று நாற்பது இருக்காது. அறுபது எழுபது இருக்கும். பூதத்தானுக்கு வயது எண்பது. புருவத்தில் சிலந்தி இல்லை. குரங்கு கண்ணாடியை எடுத்தது உண்டு, வாசிக்கவில்லை. பக்கத்தைக் கிழிக்கப் பார்த்தது. மரம் நடந்ததா என்று இப்போது கேட்டால் எனக்கே சந்தேகமாக இருக்கிறது. நாலு நாள் என்னால் அந்த ஜன்னலைத் தவிர எங்கேயும் பார்க்க முடியவில்லை என்பதால், அது கிட்டே வந்த மாதிரி தெரிந்திருக்கலாம். மணிக்கணக்கில் ஒன்றிரண்டு நான் தப்பாக எண்ணியிருக்கலாம். இதையெல்லாம் நீ நம்ப வேண்டாம். எப்போதும் போல பாதி கழித்துவிட்டு, மீதியில் பாதியைக் கழித்துவிட்டு, அதற்குப் பிறகு மிஞ்சுவதையும் உப்புப் போட்டு வைத்துக்கொள்.

ஒரே ஒரு சின்ன விஷயம் மட்டும் நிஜம். இரண்டாம் தேதி காலை, நீ சைக்கிளை எடுத்துத் தெருமுனை திரும்பும்வரை ஜன்னலில் நின்று பார்த்துவிட்டு, அடுப்பைப் பற்றவைத்து, நீ தோசை வார்க்கிற அந்தக் கல்லில், நம் அவரை விதையைக் கறுப்பாகும்வரை வறுத்தேன். இரண்டு பக்கமும் திருப்பிப்போட்டு வறுத்தேன். நீ போய்விட்டால் சாயங்காலம் ஆறு மணிக்கு இந்த வீட்டுக்கு வர ஆள் இல்லை என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் எதுவும் கிடையாது.

ஆனால் மண்ணை நீதான் அள்ளித் தந்தாய், சருகும் குப்பையுமாக. அதற்குள் பந்தலிலிருந்து உதிர்ந்த விதை ஒன்று கிடந்திருக்கிறது. அதை வறுக்க எனக்குத் தோன்றவில்லை.